மூணு டியூப் ரத்தம், ஒரு பொய்

“மறுபடியும் நாலுதான்” என்று சொல்லிவிட்டு அரங்கநாதன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த பஜ்ஜி சின்னப்பொண்ணுவின் கையிலேயே நின்றது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வையைத் துடைப்பவளைப் போல.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில் இருந்தது அரங்கநாதனின் துப்பறியும் நிலையம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், சொந்தமாக ஆரம்பித்தது. அவருக்கு ஒரே உதவியாளர் சின்னப்பொண்ணு. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பெயரைக் கேட்டவர்கள் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒருமுறை சிரிப்பார்கள். அவள் பதிலுக்கு ஏதாவது சொல்வாள். அதற்குப் பிறகு சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் இன்று அவளே பஜ்ஜியைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டாள். இந்த ‘நாலு’ அப்படிப்பட்ட நாலு.

விஷயம் இதுதான். கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி மேலே, சாலம்மாளின் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சென்னை ஆராய்ச்சிக் குழு ஒன்று முகாம் போட்டது. ஊரில் பலருக்கு ரத்தம் கம்மி, இரும்புச்சத்து மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்கியும் ஏறவில்லை, அது ஆல்பா தலசீமியாவாக இருக்கலாம், ஜீனைப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்தார்கள். சாலம்மாள் வீட்டில் மூன்று டியூப். அவளுடையது, புருஷன் வேடியப்பனுடையது, ஒரே மகன் இருசப்பனுடையது. வேடியப்பனின் தம்பி, பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கமும் கொடுத்தான்.

முடிவு வந்தது. “உங்க குடும்பத்துல யாருக்கும் பயமில்லை. வேடியப்பனுக்கும் அவர் தம்பிக்கும் மட்டும் ரெண்டு ஆல்பா ஜீன் குறைவு. இரும்பு மாத்திரையைச் சும்மா விழுங்க வேண்டாம், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு டாக்டர் சென்னைக்குப் போய்விட்டார். அவர் போன கையோடு பொன்னுரங்கம் போனைத் தடவித் தடவிப் பார்த்து ஒரு கணக்குப் போட்டான். போட்ட கணக்கைச் சந்தையில் நின்று கத்தினான். இருசப்பன் வேடியப்பனுக்குப் பிறந்தவனே இல்லை!

அந்தக் கணக்கைச் சாலம்மாளுக்குப் புரிய வைத்தது சின்னப்பொண்ணுதான். முதல் நாளே, லட்டு வைத்து.

“ஒவ்வொரு மனுசனுக்கும் ரெண்டு கை இருக்குன்னு வச்சுக்கோங்கம்மா. கைக்கு ரெண்டு லட்டு. மொத்தம் நாலு. அதான் ஆல்பா ஜீன். கொழந்த பொறக்கும்போது அப்பன் ஒரு கையில இருக்கறத அப்படியே கொடுத்துடுவான், அம்மாவும் ஒரு கையில இருக்கறதக் கொடுத்துடுவா. உங்களுக்கு நாலு லட்டும் சரியா இருக்கு, அதனால ரெண்டு கொடுத்தீங்க. உங்க வூட்டுக்காரருக்கு ரெண்டுதான். அதுவும் கைக்கு ஒண்ணு. எந்தக் கைய நீட்டினாலும் ஒரு லட்டுக்கு மேல இல்ல. அப்போ புள்ளைக்கு?”

“மூணு” என்றாள் சாலம்மாள்.

“இருசப்பன் கிட்ட நாலு இருக்கு.”

சாலம்மாள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். “லட்டுக் கணக்குலயா என் மானம் போச்சு?” என்றாள்.

அதனால்தான் மகனின் டியூப் மாறிப்போயிருக்கும் என்று அரங்கநாதன் முடிவு கட்டினார். இருசப்பனைக் கீழே வரவழைத்து, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வைத்தார். ஊசி இறங்கியதிலிருந்து டியூப்பில் பெயர் ஒட்டியதுவரை சின்னப்பொண்ணு பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இந்தத் தடவை டியூப் மாற வழியே இல்லை.

மாறவும் இல்லை. நாலு!

“நான் கெளம்பறேன் சார்” என்று எழுந்தாள் சாலம்மாள். “ஒங்களால ஆனத செஞ்சீங்க. நான் தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும். ரத்தத்துக்குத்தான் தெரியல.”

“உக்காரும்மா” என்றார் அரங்கநாதன். “உங்க வீட்டுக்காரர் இன்னா சொல்றார்?”

“ஒண்ணுமே சொல்லல சார். அவரு தம்பி சந்தையில கத்தின அன்னிலேர்ந்து வாயத் தெறக்கல. நான் மூட்டையக் கட்டிக்கினு எங்கண்ணன் வூட்டுக்குக் கெளம்பினேன். ‘போ’ன்னும் சொல்லல, ‘இரு’ன்னும் சொல்லல. கல்லு மாதிரி குந்திக்கினு இருந்தாரு.”

“கோபமா?”

“கோவம் வந்தா மலையே கேக்கும் சார். கரடி வேடியப்பன்னு பேரு. காட்டுல வாட்சரா இருந்தப்ப கரடிய வெறும் கழியால அடிச்சுத் தொரத்தினவரு. இது கோவமில்ல. இது… எனக்கே புரியல.”

கதவோரம் நின்றிருந்த இருசப்பன் பல்லைக் கடித்தான். மலையில் ஜீப் ஓட்டுகிறவன், இருபத்தைந்து வயது, அம்மாவைப் போலவே ஒல்லி. “சித்தப்பனுக்கு எங்க பலாத்தோப்பு மேல கண்ணு சார். நான் மகனே இல்லன்னு ஆயிட்டா எல்லாம் அவருக்குத்தான்.”

“அந்த முகாம் நடந்த அன்னிக்கு யாராவது போட்டோ எடுத்தாங்களா?”

“நான் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன் சார். பாட்டெல்லாம் போட்டு” என்று போனை நீட்டினான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் முழங்க, பள்ளிக்கூட வகுப்பறையிலிருந்து ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ரத்தம் கொடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு. எல்லோரும் ஒரே மாதிரி ஒரு கையை மடக்கி வருவது, ஊரே சேர்ந்து ஒற்றைச் சிறகுக் கோழி வேஷம் கட்டியது போல இருந்தது. சாலம்மாள் வந்தாள். ஒரு பெரியவர் வந்தார். பிறகு வேடியப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

“இவரு யாரு, பச்சக்கொழந்தைய ஏந்திக்கினு வரமாதிரி ரெண்டு கையையும் மடக்கிக்கினு வராரு?” என்று சிரித்தாள் சின்னப்பொண்ணு.

“அதான் எங்க சித்தப்பன்” என்றான் இருசப்பன்.

அரங்கநாதன் சிரிக்கவில்லை. வீடியோவை மறுபடி போட்டார். இன்னொரு தடவை போட்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சின்னப்பொண்ணுவுக்கு அந்த வெளிச்சத்தைத் தெரியும். இனிமேல் என்ன கேட்டாலும் பதில் வராது என்று அதற்கு அர்த்தம்.

“இருசப்பா, ஜீப்பை எடு. மலைக்குப் போறோம். சின்னப்பொண்ணு, லேப்ல இருசப்பனுக்கு ரத்தம் எடுத்தாரே பிச்சைமுத்து, அவரையும் பெட்டியோட ஏத்திக்க.”

“யார் ரத்தத்த சார் எடுக்கணும்?”

“ஓடறவன் ரத்தத்தை” என்றார் அரங்கநாதன். படி இறங்கிவிட்டார்.

ஜீப் மலை ஏறியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பிச்சைமுத்து ஐஸ் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். சின்னப்பொண்ணு ஜீப் கம்பியை அணைத்துக்கொண்டாள்.

“சார், என் வவுத்துல இருக்கற பஜ்ஜி வாக்குமூலம் கொடுக்க ரெடியா இருக்கு” என்றாள்.

“அடக்கி வை. இன்னிக்கு வேற ஒருத்தர் வாக்குமூலம் கொடுக்கணும்.”

“யாருன்னு எனக்காவது சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீ முகத்துல காட்டிடுவ. உன் முகம் ரொம்ப உயரத்துல இருக்கு. எல்லாருக்கும் தெரியும்.”

பின் சீட்டில் சாலம்மாள் முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். அடுத்த வளைவிலேயே அது மறைந்துவிட்டது. ஊர் தெரிந்ததும் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாமை வயல்களும் மரவள்ளிக் கொல்லைகளும் தாண்டி ஜீப் அவள் வீட்டு வாசலில் நின்றபோது, இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

“அந்த மனுசன் வந்து கூப்புடட்டும். அதுவரைக்கும் இந்த மண்ணுல கால் வைக்க மாட்டேன்.”

பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் வேடியப்பன் உட்கார்ந்திருந்தார். கட்டில் தாங்குமா என்று பார்ப்பவர்களுக்குப் பயம் வரும் உடம்பு. மனைவி ஜீப்பில் இருப்பதைப் பார்த்ததும் பாதி எழுந்தார். தம்பியைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பொன்னுரங்கமோ மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது போல எதிரே வந்தான். “வாங்க வாங்க, துப்பறியும் சாரு! இன்னா, கணக்கு மாறிச்சா?”

“மாறல. மறுபடியும் நாலுதான்.”

“கேட்டுக்கோங்கப்பா!” ஜீப் சத்தத்துக்குக் கூடிவிட்ட ஊரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான் பொன்னுரங்கம். “நான் சொன்னப்ப எவனும் நம்பல. பட்டணத்து மிஷினே சொல்லிடுச்சு!”

சின்னப்பொண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜீப்பில் சாலம்மாள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அரங்கநாதன் ரொம்ப சாவகாசமாக ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

“ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு. வேடியப்பன் ரத்தத்தையும் ஒருதடவை மறுபடி பார்த்துட்டா கேஸ் முடிஞ்சது. பிச்சைமுத்து, பெட்டியைத் திறங்க.”

பெட்டி திறந்தது. கையுறை வந்தது. ரப்பர் பட்டை வந்தது. உறையைக் கிழித்துக்கொண்டு, வெயிலில் பளிச்சென்று ஊசி வந்தது.

வேடியப்பன் எழுந்தார். “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்” என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

மெதுவாக நடந்தார். பிறகு வேகமாக நடந்தார்.

“வேடி, மாடு இந்தப் பக்கம் கட்டியிருக்குதுடா!” என்று ஒரு கிழவர் கத்தினார்.

வேடியப்பன் ஓட ஆரம்பித்தார்.

“சின்னப்பொண்ணு!” என்றார் அரங்கநாதன். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் புடவையைச் சொருகிக்கொண்டு பாதி தூரம் போயிருந்தாள். கரடியைத் துரத்தியவர் முன்னால், அவரைத் துரத்துகிறவள் பின்னால். மரவள்ளிக் கொல்லைக்குள் இருவரும் புகுந்ததும் வெளியே நின்றவர்களுக்குச் செடிகள் ஆடுவது மட்டும்தான் தெரிந்தது. இரண்டு நாய்களும் எதற்கென்று தெரியாமல் கூடவே ஓடின.

கொல்லையின் கடைசியில் கல்வேலி. வேடியப்பன் ஒரு காலைத் தூக்கி வைத்தார், மறுகால் வரவில்லை. மூச்சு வாங்க அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னப்பொண்ணுவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஐயா,” என்றாள் மூச்சிரைக்க, “ஒங்களுக்கு ஊசின்னா பயமா?”

மீசை துடித்தது. “மெதுவாப் பேசும்மா. கேட்டுடும்.”

“யாருக்கு? மரவள்ளிக்கா?”

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஊசியப் பாத்தா கண்ணு இருட்டிக்கினு வரும். கரடி வேடியப்பன் மயக்கம் போட்டு வுழுந்தான்னா ஊரு என்ன பேசும்? அதான் முகாம் அன்னிக்குத் தம்பிகிட்ட சொன்னேன். ‘உள்ள ரெண்டு மேஜை போட்டிருக்கான், கூட்டத்துல எவனுக்கும் தெரியாது, என் பேரச் சொல்லி நீயே இன்னொருவாட்டி கொடுத்துடுடா’ன்னு கெஞ்சினேன். அவனும் கொடுத்தான்.”

சின்னப்பொண்ணு விரல் விட்டு லட்டுக் கணக்கை மறுபடி போட்டாள். மகனின் டியூப் மாறவே இல்லை. மாறியது அப்பனின் டியூப்! கைக்கு ஒரு லட்டு வைத்திருந்தவன் வேடியப்பனே இல்லை, பொன்னுரங்கம்!

“அப்போ ஒங்க தம்பிக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் சந்தையில கத்தினாரா?”

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “நீ வாயத் தெறந்தா ஊசிக் கதையும் வெளிய வரும்னு சொன்னான். அண்ணி கோவிச்சுக்கினு போயிருக்காங்க, தானா வந்துடுவாங்கன்னான். சாலத்த நான் சந்தேகப்படலம்மா, சாமி சத்தியமா. நாளைக்கு சொல்லிடலாம், நாளைக்கு சொல்லிடலாம்னு…”

அந்தக் கல்லுப் பார்வை கோபமில்லை என்று சாலம்மாள் சொன்னது சரிதான். வெட்கம். மலை அளவு வெட்கம்.

“எழுந்திருங்க” என்றாள். “ஜீப்புல ஒருத்தங்க ஒக்காந்துக்கினு இருக்காங்க. அவங்க மானத்த வித்துத்தான் நீங்க ஒங்க மீசைய வச்சிக்கினு இருக்கீங்க.”

அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது வாசலில் நிலைமை மாறியிருந்தது. அரங்கநாதன் இருசப்பனின் போனை ஊர்க்காரர்களிடம் நீட்டியிருந்தார்.

“ரத்தம் கொடுத்தவங்க எல்லாரும் ஒரு கையை மடக்கி வராங்க. பொன்னுரங்கம் மட்டும் ஏன் ரெண்டு கையையும் மடக்கியிருக்கார்? வேடியப்பன் ஏன் ரெண்டு கையையும் வீசிக்கினு வரார்? மகன் யாருக்குப் பொறந்தவன்னே கேட்டுக்கினு இருந்தோம். அப்பா டியூப்புல இருக்கிறது யார் ரத்தம்னு ஒருத்தரும் கேக்கல. நானும்தான்!”

“அது… கை வலி” என்றான் பொன்னுரங்கம்.

“பஞ்சு வச்சிக்கற அளவுக்கு வலியா? சரி, உங்க ரத்தத்தையும் எடுத்து அந்த டியூப்போட ஒத்துப் பார்த்துடலாம். பிச்சைமுத்து!”

“என்னையே ஏன்யா குத்தறீங்க!” என்று அலறினான் பொன்னுரங்கம். “அண்ணன் கெஞ்சினதாலதான் ரெண்டாவது தடவ குத்திக்கினேன்! அதுக்கு முகாம்ல ஒரு வாழப்பழம்கூட ஜாஸ்தி தரல!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

வேடியப்பன் யாரையும் பார்க்காமல் நேராக ஜீப்புக்குப் போனார். “சாலம்…” என்றார். அப்புறம் ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல” என்றாள் சாலம்மாள்.

“எனக்கு ஊசின்னா பயம்.”

“கேக்கல.”

வேடியப்பன் மூச்சை இழுத்தார். “எனக்கு ஊசின்னா பயம்! அன்னிக்கு ரத்தம் கொடுத்தது நான் இல்ல! எம்பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல! எம்மவன் எனக்குப் பொறந்தவன்தான்!”

மலை கேட்டது. எதிர்ச் சரிவிலிருந்து அவர் குரல் திரும்பியும் வந்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அது தொற்றிக்கொண்டு ஊரே சிரித்தது. இருசப்பன் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

சாலம்மாள் இறங்கினாள். கும்பிட வந்த பொன்னுரங்கத்தை ஒரு கையால் தடுத்தாள். “கும்புடாத. அடுத்த சந்தையில அதே எடத்துல நின்னு, அதே வாயால, அதே சத்தத்துல இதச் சொல்லு. நான் வந்து கேப்பேன்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நீ கட்டில்ல ஒக்காரு.”

“எதுக்கு?”

“எதுக்கா? பெட்டியத் தூக்கிக்கினு அந்த மனுசன் இவ்ளோ தூரம் வந்திருக்காரு.”

அந்த ரத்தத்தின் முடிவு பிறகு வந்தது. வேடியப்பனிடம் மூன்று ஆல்பா ஜீன். ஒரு பக்கம் முழுசாக இரண்டு, மறுபக்கம் ஒன்று. முழுசான பக்கத்தைத்தான் மகனுக்குக் கொடுத்திருக்கிறார், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னார். ஆனால் அன்று மாலை அந்த வாசலில் நின்ற எவருக்கும் அதற்காகக் காத்திருக்கத் தோன்றவில்லை.

பிச்சைமுத்து ரப்பர் பட்டையைக் கட்டினார். சாலம்மாள் கட்டிலில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். “அங்க பாக்காத. என்னப் பாரு.” அவர் பார்த்தார். ஊசி இறங்கியது. பிச்சைமுத்து டியூப்பை மூடிப் பஞ்சை வைத்ததும், கரடி வேடியப்பன் சத்தமே இல்லாமல் சாய்ந்து மனைவியின் மடியில் விழுந்தார்.

இருசப்பன் தண்ணீர் கொண்டுவந்தான். சாலம்மாள் முகத்தில் தெளித்து, முந்தானையால் விசிறினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண் மட்டும் திறந்தது.

“குத்தியாச்சா?”

“ஆச்சு.”

“யாராச்சும் பாத்தாங்களா?”

சாலம்மாள் நிமிர்ந்தாள். கட்டிலைச் சுற்றி ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்க முடியாமல் பலாமரத்தில் ஏறியிருந்தார்கள்.

“யாரும் பாக்கல” என்றாள்.